காஜாக்காரரின் வண்டியில் ஒன்பது நாள்

போன செப்டம்பரில் நாங்கள் நான்கு தோழிகள் ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம். சிம்லாவில் ஏறியதிலிருந்து மணாலியில் இறங்கும் வரை ஒன்பது நாளும் ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். தங்கும் இடம், காலை டிபன், ராத்திரிச் சாப்பாடு எல்லாம் அவரே பேசி வைத்தது. அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருக்குச் சொந்த ஊர் ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜா. வைத்திருப்பது ஒரே ஒரு வண்டி. பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சீசனில் இப்போது வரும் அழைப்புகளுக்கே பதில் சொல்ல முடியவில்லையாம். நாங்கள் அவரைப் பையா, அதாவது இந்தியில் அண்ணன், என்று கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவருக்கு நாங்கள் நால்வரும் தீதி, அதாவது அக்கா.

நான் மருந்துக்கடை நடத்துகிறேன். அதனால் மலைப் பயணம் என்றால் எனக்கு முதலில் கண்ணில் படுவது உயரக் கணக்குதான். 3,000 மீட்டருக்கு மேலே போனால், முந்தின ராத்திரி தூங்கிய இடத்தைவிட அடுத்த ராத்திரி தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது, உயரத்தால் வரும் நோயைத் தவிர்க்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். முதலில் நாங்கள் பேசிய பயண ஏற்பாட்டாளர் ஒருவர் ஆறு நாள் திட்டம் அனுப்பினார். காலையில் மணாலியில் கிளம்பி, 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்டி, ராத்திரிக்குள் காஜா. மணாலி சுமார் 2,000 மீட்டர், காஜா 3,600க்கும் மேலே. ஒரே நாளில் இவ்வளவா என்று கேட்டேன். "எல்லாரும் போறாங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார். அதோடு அவரை விட்டுவிட்டோம்.

தெரிந்தவர் மூலம் கிடைத்தவர்தான் பையா. போனில் அவர் முதலில் கேட்டது எத்தனை பேர், என்ன வண்டி வேண்டும் என்பதல்ல. "யாருக்காவது ஆஸ்துமா, பிரஷர், இதயத் தொந்தரவு உண்டா? இதற்கு முன்னால் இவ்வளவு உயரத்தில் தூங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். என் கடைக் கவுன்டரில் நான் கேட்கும் அதே கேள்விகள். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் போட்ட வழி சிம்லா, சராஹன், கல்பா, தாபோ, காஜா. கிலோமீட்டர் கூட, நாளும் கூட. ஆனால் படிப்படியாக ஏறும் வழி. இதிலும் ஒரு நுட்பம் வைத்திருந்தார். வழக்கமாகக் கல்பாவுக்கு அடுத்து நாக்கோவில் ஒரு ராத்திரி தங்குவார்கள். ஏரிக்கரையில் அழகான ஊர். பையா அங்கே மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தினார். நாக்கோ 3,600க்கு மேலே, கல்பா 3,000க்குச் சற்றுக் கீழே, தாபோ சுமார் 3,280. நாக்கோவின் உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாபோவுக்கு இறங்கிப் படுத்தால் உடம்புக்கு நல்லது என்றார். இதை அவர் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினெட்டு வருடமாக வண்டியில் வருபவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

முதல் இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரோடு நீளம், ஆப்பிள் தோட்டங்கள், கல்பாவில் விடிகாலையில் ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே கின்னர் கைலாஷ். மூன்றாம் நாள் காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலப்பதைப் பார்த்தோம். அதற்கு அப்புறம் மரம் என்பது அரிதாகிவிடுகிறது. மலை முழுக்க மண் நிறம், சாம்பல் நிறம், நடுவில் திடீரென்று ஒரு திட்டுப் பச்சை. அங்கே ஒரு கிராமம் இருக்கும்.

தாபோவில் எங்களை இரண்டு ராத்திரி தங்கவைத்தார். இரண்டாவது நாள் வண்டியையே எடுக்கவில்லை. "இன்றைக்கு உங்களுக்கு வேலை ஒன்றுதான். மடாலயத்துக்கு நடந்து போங்கள், மெதுவாக வாருங்கள், தண்ணீர் குடியுங்கள்." பணம் கொடுத்து வைத்த வண்டி சும்மா நிற்கிறதே என்று எங்கள் வங்கித் தோழிக்கு முதலில் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அவளே சொன்னாள், மொத்தப் பயணத்திலும் அந்த ஒரு நாள்தான் சிறந்தது என்று.

தாபோ மடாலயத்தை வெளியே இருந்து பார்த்தால் பெரிய மண் குவியல்கள் மாதிரி இருக்கும். சுவர் முழுக்க மண், மேலே தட்டையான மண் கூரை. கி.பி. 996இல் கட்டியது. மேற்குத் திபெத்தில் இருந்த குகே நாட்டின் அரசர் யேஷே ஓ ஆதரவில், ரின்சென் சாங்போ என்ற மொழிபெயர்ப்பாளத் துறவி எழுப்பியது. நம் கணக்கில் யோசித்துப் பாருங்கள்: அப்போது தஞ்சாவூரில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்தார், பெரிய கோயில் இன்னும் முடியவில்லை. அதே ராஜராஜன்தான் நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி என்ற புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது தானமாக, கொடுத்தார். அந்த விகாரத்தில் இன்று நாம் போய் நிற்க ஒரு சுவர்கூட இல்லை. அதே காலத்து மண்சுவர் இங்கே நிற்கிறது. 1975 நிலநடுக்கத்தில் அடிபட்டும் நிற்கிறது.

உள்ளே மின்விளக்கு கிடையாது. வாசல் தாழ்வானது, குனிந்துதான் போக வேண்டும். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே கால் வைத்ததும் ஒன்றுமே தெரியவில்லை. வெண்ணெய் விளக்கின் வாசனையும், பழைய மண்ணின் குளிர்ச்சியும் மட்டும்தான். ஒரு லாமா எங்களை அப்படியே சற்று நேரம் நிற்கச் சொன்னார். மெல்ல மெல்லக் கண் பழகியதும், சுவரில் நம் தலைக்கு மேலே, ஒருவர் பக்கத்தில் ஒருவராக ஆள் உருவங்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சுதையில் செய்த 32 தெய்வங்கள், சுவரிலிருந்து வெளியே வந்து அந்தரத்தில் அமர்ந்திருப்பது போல. நடுவில் நான்கு திசையும் பார்க்கும் வைரோசனர் என்ற புத்தர். லாமா டார்ச்சைச் சுவரில் நேராக அடிக்காமல், பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார். ஓவியத்தில் ஒரு பெண்ணின் சேலை போன்ற துணியில் இருந்த நுணுக்கமான பூ வேலை அப்போதுதான் தெரிந்தது. நீலம் இன்னும் நீலமாகவே இருக்கிறது. போட்டோ எடுக்கக் கூடாது. அதுவும் நல்லதுதான், நால்வரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் தன்கர் வழியாகக் காஜா வந்தோம். ஸ்பிதி ஆறும் ‘பின்’ என்ற பெயருள்ள ஆறும் சேரும் இடத்துக்கு மேலே, அரித்துப்போன மண் முகட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது தன்கர் மடாலயம். தன்கர் ஊர் ஒரு காலத்தில் ஸ்பிதியின் தலைநகர். மடாலயத்துக்குள் ஒரே நேரத்தில் சில பேரை மட்டும்தான் விடுகிறார்கள். அதற்கும் மேலே ஓர் ஏரி உண்டு. எனக்கு ஏற ஆசை, பையா வேண்டாம் என்றார்.

அன்றைக்கு ராத்திரிதான் விஷயமே. பதினொரு மணி இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த தோழி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "தலை பிளக்குதுடி. படுக்கவே முடியல." ஏற்கெனவே ஒரு முறை வாந்தி எடுத்திருக்கிறாள், எங்களை எழுப்ப வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். மற்ற மூவரும் டாக்டரிடம் கேட்டு, உயரத்தால் நோய் வராமல் இருக்க அசிட்டசோலமைடு மாத்திரை, அதாவது டயமாக்ஸ், கல்பாவிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தோம். விரல் நுனி மரத்தது போலக் கூசும், அடிக்கடி சிறுநீர் வரும், மற்றபடி தொந்தரவு இல்லை. அவளுக்குச் சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாது, இந்த மாத்திரையும் அந்த வகையோடு தொடர்புள்ளது என்பதால் டாக்டர் அவளுக்கு மட்டும் எழுதவில்லை. இதைச் சிம்லாவில் ஏறிய முதல் நாளே பையாவிடம் சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை. மூன்று ஊரிலும் சாயங்காலம் அவளிடம் மட்டும் தனியாக வந்து "தீதி, தலைவலி உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

கீழ் அறையில் தூங்கிக்கொண்டிருந்தவரைப் போய் எழுப்பினேன். ஒரு நிமிடத்தில் வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. 78 காட்டியது, எங்களுக்கெல்லாம் 87, 88. பிறகு அவளை எழுப்பி, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தாள். இருமல் இருக்கிறதா, மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா என்று கேட்டார். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு டாக்டர்களும் முதலில் இதைத்தான் செய்வார்கள். எனக்கு அந்த நேரத்தில் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு நடுங்கவில்லை. வண்டியில் இருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிட்டு, நேராகக் காஜா அரசு மருத்துவமனைக்கு ஓட்டினார். அங்கே டாக்டர் பரிசோதித்து, நுரையீரல் தெளிவாக இருக்கிறது, உயரத்தால் வந்த நோய்தான், இதற்கு மேலே ஏற வேண்டாம் என்றார். ஆக்சிஜன் கொடுத்து, வலி குறைந்ததும் அனுப்பினார். அறைக்குத் திரும்பும்போது மணி இரண்டு.

அடுத்த ராத்திரி நாங்கள் லாங்ஜா கிராமத்தில் தங்குவதாக இருந்தது. 4,400 மீட்டர், 500 மீட்டர் கணக்குக்கு அதிகம்தான். ராத்திரி அங்கே நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் முழுக் கனவு. காலையில் டீ குடிக்க வந்தபோது பையா அதை ரத்து செய்துவிட்டிருந்தார். எங்களிடம் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்விட்டு வருகிறோம், ஒருத்தி இவளோடு இருப்பாள்" என்றேன். அவர் சொன்னது இதுதான்: "தீதி, ஒருவருக்கு முடியவில்லை என்றால் வண்டி அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே என்றால் ராத்திரி நான் யாரிடம் ஓடுவேன்? சாயங்காலத்துக்குள் இவருக்குச் சரியாகவில்லை என்றால் எல்லாருமாகத் தாபோவுக்கு இறங்குகிறோம்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. சாயங்காலம் அவள் முகம் தெளிந்தது, ஒரு கிண்ணம் துக்பா, அதாவது நூடுல்ஸ் சூப், முழுதாகக் குடித்தாள். ஆக்சிமீட்டர் 86. இந்த ஏற்பாட்டுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் முழுவதும் அந்த ஒரு காலைக்காகத்தான். வாடிக்கையாளர் ஆசைப்பட்டதைச் செய்து கொடுப்பது எளிது. ஓர் இரவு வாடகை போனாலும் பரவாயில்லை என்று மறுத்துச் சொல்ல ஆள் வேண்டும். சிலிண்டருக்கும் ராத்திரி ஓட்டத்துக்கும் தனியாகக் காசு கேட்கவில்லை. நாங்கள் வற்புறுத்திக் கொடுத்ததையும் கடைசிக் கணக்கில் கழித்துவிட்டார்.

ஏழாம் நாள் கீ மடாலயம். 4,166 மீட்டர், ஸ்பிதியிலேயே பெரியது. குன்றின் மேல் வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியது போல இருக்கும் அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது உள்ளே இருந்த இருண்ட சமையலறை. ஒரு இளம் துறவி பெரிய பாத்திரத்திலிருந்து மூலிகை டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும், கர்நாடகத்தில் பைலகுப்பேயில் படித்ததாகச் சொல்லி, "இட்லி" என்றார், சிரித்தார். அங்கிருந்து சிச்சம் பாலம். 2017இல் திறந்தது. அதற்கு முன் அந்தப் பள்ளத்தைக் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்துதான் கடப்பார்களாம்.

எட்டாம் நாள் லாங்ஜா, ஹிக்கிம், கோமிக். மூன்றும் பகலில் மட்டும், ராத்திரி மறுபடி காஜா. லாங்ஜாவில் நாங்கள் தங்காமல் விட்ட வீட்டுக்கே மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார் பையா. ரத்து செய்ததற்கு அந்த அம்மா ஒரு பைசா வாங்கவில்லை. வெள்ளையடித்த மண் வீடு, ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, மொட்டை மாடி ஓரம் முழுக்கக் குளிர்காலத்துக்கு அடுக்கிய விறகும் புல்லும். அடுப்படிதான் வீட்டின் நடு. இரும்பு அடுப்பில் காய்ந்த சாண வறட்டி எரிகிறது. சுற்றிலும் தாழ்வான மெத்தை. பச்சைப் பட்டாணி அறுவடை சமயம் என்பதால் கூடை கூடையாகப் பட்டாணி. உரித்து அப்படியே தின்னக் கொடுத்தார், கரும்பு மாதிரி இனித்தது. வெண்ணெயும் உப்பும் போட்ட குர்குர் சாய் எங்களில் இரண்டு பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பிடித்தது. டீ என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடிக்க வேண்டும். வறுத்த பார்லி மாவை அதிலேயே பிசைந்து உருட்டிக் கொடுத்தார். கேழ்வரகு உருண்டை தின்று வளர்ந்தவர்களுக்கு அது புதிய ருசியே இல்லை.

கழிப்பறை பற்றிப் பெண்கள் தனியாகக் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். தண்ணீர் இல்லாத கழிப்பறை. மேல்தளத்தில் தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல், மண்வெட்டி. முடித்ததும் மண்ணைத் தள்ள வேண்டும். கீழே சேர்வது வயலுக்கு எருவாகப் போகிறது. சுத்தமாக இருந்தது, நாற்றம் இல்லை. டிஷ்யூவும் கைகழுவும் திரவமும் கையோடு கொண்டுபோங்கள்.

லாங்ஜா ஊருக்கு மேலே பெரிய புத்தர் சிலை பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே குழந்தைகள் கையில் சுருள் சுருளான கல்லோடு வருவார்கள். அம்மோனைட் புதைபடிவம். இமயமலை எழும்புவதற்கு முன் இங்கே இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த உயிர். வாங்க வேண்டாம், மலையில் இருப்பது மலையிலேயே இருக்கட்டும் என்றார் பையா. அந்தக் குழந்தைகளுக்குப் பென்சில் வாங்கித் தந்தோம். ஹிக்கிமில் 1983 முதல் இயங்கும் குட்டித் தபால் நிலையம், 4,400 மீட்டருக்கு மேலே. நால்வரும் எங்கள் அம்மாக்களுக்குக் கார்டு எழுதிப் போட்டோம்.

குறைகளும் உண்டு. காஜாவில் எங்களுக்குப் பிடித்துக் கொடுத்த அறை சரியில்லை. வெந்நீர்க் குழாய் உண்டு என்றார்கள், நான்கு நாளும் ஒரு பக்கெட் வீதம் கீழே இருந்து தூக்கி வந்துதான் குளித்தோம். ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, ஈர வாடை அடித்தது. பையாவிடம் சொன்னதும் வேறு ரஜாய் வாங்கி வந்தார், ஆனாலும் உடம்பு சரியில்லாதவளை வைத்திருக்க அது இடமில்லை. இரண்டாவது குறை பெரியது. கடைசி நாள் குன்சும் கணவாய்க்கு முன்னால் வரும் லோசர் கிராமத்தைத் தாண்டி டயர் பஞ்சர் ஆனது. ஸ்டெப்னியை மாட்டினால் அதில் பாதிக் காற்றுதான் இருந்தது. வழியில் வந்த லாரிக்காரரின் பம்பை வாங்கி அடித்துக் கிளம்ப ஒரு மணி நேரம் போயிற்று. ஆக்சிஜன் சிலிண்டரைத் தினமும் பார்க்கிறவர் ஸ்டெப்னியையும் பார்த்திருக்க வேண்டும். அந்த ரோட்டில் அடுத்த ஊர் கூப்பிடு தூரத்தில் இல்லை. இதை அவரிடமே நேராகச் சொன்னேன், ஒப்புக்கொண்டார். அப்புறம், "சாப்பாடு சேர்த்து" என்று எழுதியிருந்ததில் மதியச் சாப்பாடு சேராது என்பதை முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

செலவு: வண்டிக்கு ஒன்பது நாளுக்கு 54,000 ரூபாய், டீசலும் அவர் திரும்பிப் போகும் செலவும் அதில் அடக்கம். தங்குவதற்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 முதல் 1,500. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 26,000க்குள் முடிந்தது, சிம்லா வரை போன செலவும் மணாலியிலிருந்து திரும்பிய செலவும் தனி. முன்பணம் 10,000 மட்டும், மீதி மணாலியில். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு ஸ்பிதிக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வீட்டில் முன்பே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

குன்சும் கணவாயில் ஒரு சின்னக் கோயில், சுற்றிலும் காற்றில் படபடக்கும் கொடிகள். பையா வண்டியை நிறுத்தாமல் கோயிலை ஒரு முழுச் சுற்று வலமாகச் சுற்றி ஓட்டிவிட்டுத்தான் மறுபக்கம் இறங்கினார். பின் சீட்டில் உடம்பு தேறிய தோழி ஜன்னலைத் திறந்து கும்பிட்டாள். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி இல்லை.

வருகிற ஜூலைக்கு மறுபடி கேட்டிருக்கிறோம், இந்த முறை லாங்ஜாவில் இரண்டு ராத்திரி வேண்டும் என்று. தாபோவில் மூன்று ராத்திரி, காஜாவில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று பதில் அனுப்பியிருக்கிறார்.